நான்கு விரற்கடை உயர்ந்த இருக்கை

தாம் விற்ற மிதிவண்டியின் இருக்கையை வாங்கியவர் உயர்த்திக்கொண்டார் என்பதற்காக, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பத்துப் பேர் பார்க்க அந்த வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, பெற்ற விலையை அவர் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பியவர் அப்துல் ஜலீல். வாங்கியவர் சாதாரண ஆளும் அல்லர். ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர்.

“வண்டி என்னுது, சீட்டு என்னுது. ஏத்துவேன், எறக்குவேன். உங்களுக்கு இன்னா பாய்?” என்று அவர் கேட்டார்.

“முட்டி தேஞ்சி உக்காந்தீங்கன்னா எவன் வித்த வண்டின்னு கேப்பாங்கல்ல? அப்ப என் பேரு வருமா, உங்க பேரு வருமா?” என்று ஜலீல் கத்தினார்.

அன்று முதல் தலைமையாசிரியர் சுக்கும் திப்பிலியும் வாங்க வேறு கடைக்குப் போனார். ஜலீல் அதற்காக வருந்தவில்லை. வண்டி தப்பியதே என்று மகிழ்ந்தார்.

மிதிவண்டி அவருடைய பிழைப்பு அன்று. தந்தை விட்டுச் சென்ற நாட்டு மருந்துக் கடைதான் பிழைப்பு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கடுக்காய், பூந்திக்கொட்டை, சீயக்காய், தேன் ஆகியவற்றை மலைக்காரர்களிடம் வாங்குவார். காயவைத்துப் பொடித்துப் பொட்டலம் கட்டி விற்பார். மிதிவண்டி அவருடைய பித்து. வைகறைத் தொழுகை முடிந்ததிலிருந்து கடை திறக்கும் ஒன்பது மணி வரை அவரை வீட்டுக் கொல்லையில்தான் காண முடியும். பழைய இரும்புக் கடைகளிலும் உழவர்களின் கொட்டகைப் பரண்களிலும் துருவேறிக் கிடக்கும் சீமை வண்டிகளைத் தேடிக் கொண்டுவருவார். ஒவ்வொன்றையும் எலும்பெலும்பாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். துருவைச் சுரண்டி, மூன்று முறை கறுப்பு வண்ணம் பூசி, கோணிய சக்கரத்தைக் கம்பி கம்பியாக முறுக்கி நேர்செய்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு வண்டியை உயிர்ப்பித்து வெளியே விடுவார்.

அவர் மனைவி மெகருன்னிசா அண்டை வீட்டாரிடம் சொல்வதுண்டு: “மார்க்கத்துல நாலு கட்டிக்க எடம் இருக்குது. இந்த மனுசன் நாப்பது கட்டிக்கினாரு. அத்தனையும் துருப்புடிச்சது.”

விற்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாங்க வருபவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்துவார். இடுப்பிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளப்பார். பிறகு வண்டியில் ஏற்றி, கீழே இறங்கிய மிதியில் குதிகால் பதியும்போது முழங்கால் நேராக நிற்கும்படி இருக்கையின் உயரத்தை அமைப்பார். அமைத்து முறுக்கியதும், இருக்கைத் தண்டும் மரையாணியும் சேருமிடத்தில் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு இழுப்பார். யாராவது மரையாணியைத் தளர்த்தினால் கோடு உடைந்துவிடும். உடைந்த கோட்டோடு எவர் வண்டி கடைப்பக்கம் வந்தாலும் அன்று கடைத்தெருவுக்கு வேடிக்கைதான். ஒருவன் உடம்புக்கு அளந்து அமைத்த வண்டியில் இன்னொருவன் ஏறுவதை, பிறர் பல்செட்டைப் போட்டுக்கொள்வதைப் போன்ற அசிங்கமாக அவர் கருதினார்.

அவர் செய்த வண்டிகளில் மிகவும் பாடுபட்டுச் செய்தது அம்மாசியின் வண்டி. அம்மாசி கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். ஜலீலின் கடைக்குத் தேனும் கடுக்காயும் கொண்டுவருபவன். சிறு வயதுக் காய்ச்சலில் அவனுடைய இடது கால் சூம்பி, வலது காலைவிட மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. மலையிலிருந்து அடிவாரம் வரை மூங்கில் லாரியில் வருவான். அங்கிருந்து பதினொரு மைல், கோலை ஊன்றிக்கொண்டு, தலையில் சுமையோடு நடப்பான். 1984ஆம் ஆண்டு ஒரு சந்தை நாளில் அவன் உள்ளங்கால் வெடித்து இரத்தம் கசிவதைக் கண்டு ஜலீலுக்குக் கோபம் வந்தது.

“இந்தக் காலோட பதினோரு மைலா? ஏன்டா, இத்தினி வருசமா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?” என்று அவனையே திட்டினார்.

இடது மிதியைத் தாங்கும் இரும்புத் தண்டை அறுத்துக் குட்டையாக்கி, கடைசல் பட்டறையில் புதிதாக மரையிட்டு, மிதியின்மேல் வேப்பங்கட்டை ஒன்றைச் செதுக்கிப் பொருத்தினார். மூன்று முறை தவறாகிப்போய், நான்காம் முறை கூடிவந்தது. அம்மாசி விழுந்து எழுந்து ஒரு மாதத்தில் பழகிக்கொண்டான். நிலத்தில் நொண்டியவன் வண்டிமேல் நொண்டவில்லை. சந்தை நாள்தோறும் வந்தான். மலையேற்றத்துக்கு வண்டி உதவாது என்பதால், அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் செல்லமுத்து என்னும் உழவரின் மாட்டுக் கொட்டகையில் அதை விட்டுவிட்டு மேலே போவான். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

1987 செப்டம்பரில் சாலை மறியல் வந்தது. வட மாவட்டங்களில் பெருந்தொகையாக வாழும் உழவர் சமூகம் ஒன்று, படிப்பிலும் அரசு வேலையிலும் தனக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. கேட்டுக் கிடைக்காததால் ஒரு வாரம் சாலைகளை மறிப்பது என்று முடிவாயிற்று. சாலையோரத்துப் புளிய மரங்கள் குறுக்கே சாய்க்கப்பட்டன. பேருந்துகள் நின்றன. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேறு சில ஊர்களில், எதிலும் சேராத ஏழைகளின் குடிசைகள் எரிந்தன.

ஜலீல் அந்த வாரம் முழுவதும் எல்லார்மேலும் கோபமாக இருந்தார். நூறு ஆண்டு நின்ற மரங்களை வெட்டியவர்கள்மேல் கோபம், இத்தனை ஆண்டுகள் அவர்கள் மனுவை மடித்து வைத்திருந்தவர்கள்மேல் கோபம், சுட்டவர்கள்மேல் கோபம். கடையில் பெருங்காயம் கேட்டு வந்தவரிடம்கூட, “நாடு இருக்கற இருப்புல ஒனக்கு ரசம் கேக்குதா?” என்று சீறினார்.

மறியலுக்கு வந்தவர்களில் பெரும்பாலார் மிதிவண்டியில் வந்திருந்தார்கள். காவலர்கள் தடியடி நடத்தியபோது வண்டிகளைச் சாலையிலேயே போட்டுவிட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குள் ஓடினார்கள். கிடந்த நாற்பது வண்டிகளை லாரியில் அள்ளிக்கொண்டுபோய், கள்ளக்குறிச்சி எல்லையில் சாலையோரத்துக் காவல் நிலைய வளாகத்தில் காவலர்கள் குவித்தார்கள். உரியவர்கள் வந்து அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நம்பிப் போன முதல் ஆள் சிறைக்குப் போனான். அதன் பின் யாரும் போகவில்லை. நாற்பது வண்டிகளும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

மறியல் ஓய்ந்து எட்டாம் நாள், கடை திறக்கும் வேளையில் அம்மாசி கோலூன்றிக்கொண்டு வந்து நின்றான்.

“வண்டி எங்கடா?” என்றார் ஜலீல்.

“கொட்டாயில வெச்சிருந்தேன் பாய். நேத்து எறங்கி வந்து பாத்தா இல்ல. டேசன்ல கெடக்குதாம்.”

“டேசன்லயா? எப்பிடிப் போச்சி?”

“தெரியல பாய்” என்று சொல்லி அம்மாசி குனிந்துகொண்டான்.

தேடுதல் வேட்டையில் கொட்டகைக்குள் புகுந்து காவலர்கள் தூக்கிப்போயிருப்பார்கள் என்று ஜலீல் எண்ணிக்கொண்டார். அவன் பாதத்தைப் பார்த்தார், மறுபடியும் வெடித்திருந்தது. உடனே ஓர் ஏற்பாடு செய்தார்.

“நீ போயி என் வண்டின்னு சொன்னா உள்ள தூக்கி வெச்சிடுவான். அது என் வண்டின்னு நான் சொல்றேன். ரிப்பேர் பண்ணி ஆளு கையில குடுத்தனுப்பினேன், வழியில மறியல்ல மாட்டிக்கிச்சி, போட்டுட்டு வந்துட்டான். அவ்ளோதான். பழைய சைக்கிள் வித்துக்கினு கெடக்கிறவன்னு ஊருக்கே தெரியும். நீ வாயத் தொறக்காத.”

உள்ளிருந்து மெகருன்னிசா எட்டிப் பார்த்தாள். “உங்களுக்கு பொய் சொல்ல வராதுங்க. பாதியில கோவம் வந்துடும்.”

“நீ சும்மா கெட” என்றார் ஜலீல், கோபமாக.

காவல் நிலையத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. உதவி ஆய்வாளர் வெளியூர்க்காரர். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள். கடைக்காரர், வயதானவர், மறியல் செய்த சமூகத்தைச் சேராதவர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். ஜலீல் சொன்ன கதையைப் பாதி கேட்டதும் தாளை எடுத்துவிட்டார்.

“உங்க வண்டிதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க பாய். எனக்கும் ஒண்ணு குறையும்.”

தலைமைக் காவலர் ஒருவர் குவியலிலிருந்து அம்மாசியின் வண்டியை உருவிக்கொண்டுவந்து படிக்கட்டருகே நிறுத்தினார். அம்மாசி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஜலீல் பேனாவைக் கையில் வாங்கினார்; வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

சிவப்புக் கோடு உடைந்திருந்தது. இருக்கை நான்கு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

அதற்குப் பின் நடந்ததை ஜலீல் தம் வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்துக்கொண்டார். சினம் மூளைக்கு ஏறுமுன் நாக்குக்கு ஏறிவிட்டது.

“டேய் அம்மாசி! யார்ரா சீட்டத் தொட்டது? ஒன் காலுக்கு அளந்து வெச்ச சீட்டுடா அது! நாலு வெரக்கட ஏத்தி வெச்சிருக்கியே, எடது கால் எப்பிடிரா எட்டும்? இதுக்கா மூணு மாசம் அந்தக் கட்டையச் செதுக்குனேன்?”

உதவி ஆய்வாளர் ஜலீலின் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார்.

“பாய், வண்டி யாருதுன்னு சொன்னீங்க?”

தலைமைக் காவலர் அதற்குள் அம்மாசியின் தோளைப் பிடித்திருந்தார். அம்மாசி திமிறவில்லை. உள்ளே நடத்திச் செல்லும்போது அவன் கோல் படியில் விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“சார், இவன் மலைக்காரன். இவனுக்கும் மறியலுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த சீட்டப் பாருங்க! அந்த ஒசரத்துல இவன் உக்காந்தா மிதி எட்டாது. வேற எவனோ நல்ல ஒசரமானவன் ஓட்டிக்கினு வந்திருக்கான்.”

“இருக்கலாம். ஓட்டிட்டு வந்தவன் யாரு? டேய், நீ சொல்லு.”

அம்மாசி தரையைப் பார்த்தான். கேட்டது காதில் விழாதவனைப் போல நின்றான்.

“பாருங்க, சொல்ல மாட்டேங்கிறான். ஓட்டிட்டு வந்தவனைக் கொண்டாந்து நிறுத்துங்க, இவனை விட்டுடறேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கோர்ட்டு, கடலூர் ஜெயிலு. என் மேல வருத்தப்படாதீங்க. கையில வந்து கொடுத்தது நீங்கதான்.”

அப்போது மணி பத்தரை. ஜலீல் தம் வண்டியில் ஏறி மலையை நோக்கி மிதித்தார். வழிநெடுக வெட்டுண்ட புளிய மரங்களின் அடிக்கட்டைகள் வெளிறிப்போய் நின்றன. பிஞ்சுக் காய்கள் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. மற்ற நாளாயிருந்தால் ஒவ்வொரு கட்டையையும் பார்த்துத் திட்டிக்கொண்டே போயிருப்பார். அன்று திட்டுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தார். அந்த ஆள் அவர் சட்டைக்குள்ளேயே இருந்தார். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், இந்நேரம் அம்மாசி தன் வண்டியில் மலையடிவாரம் போய்க்கொண்டிருப்பான். இருக்கையைப் பிறகு இறக்கியிருக்கலாம். ஒரு திருகு. அரை நிமிட வேலை.

செல்லமுத்து மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். நெடிய ஆள், வரப்பில் நின்றாலும் ஜலீலைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

“இன்னா பாய், இவ்ளோ தூரம்? கடுக்கா கொள்முதலா?”

“அம்மாசி வண்டி சீட்ட ஏத்துனது நீதான?”

செல்லமுத்து களைக்கொட்டைக் கீழே வைத்தார். மறைக்க முயலவில்லை. “ஏத்துனேன். முட்டி இடிச்சிது.”

“யாரக் கேட்டு எடுத்த?”

“என் வண்டி பஞ்சராயிக் கெடந்துது. வூட்டுக்கு ஒருத்தர் மறியலுக்கு வந்தாவணும்னு ஊர்க் கட்டு. கொட்டாயில அது சும்மாதான இருந்துது?”

“சும்மாவா? அவன் தன் கால அவுத்து ஒன் கொட்டாயில வெச்சிட்டு மலைக்குப் போயிருக்கான். அது ஒனக்கு சும்மாவா? இப்ப அவன் டேசன்ல உக்காந்துக்கினு இருக்கான். அஞ்சு மணிக்கி கோர்ட்டு. வந்து நீதான்னு சொல்லு.”

களை வெட்டிக்கொண்டிருந்த செல்லமுத்துவின் மனைவி பாப்பாத்தி நிமிர்ந்தாள். செல்லமுத்துவின் முகம் இறுகியது.

“பாய், உங்களுக்கு ஒண்ணு சொல்றன். எம் பொண்ணு அம்சவள்ளி இந்தத் தெருவுலயே மொதல்ல பன்னண்டு முடிச்சவ. டீச்சர் ட்ரெயினிங்குக்கு ரெண்டு வருசம் மனு போட்டோம். கெடைக்கல. அதோ, அந்தக் கோடியில களை வெட்டிக்கினு இருக்கா, போயிப் பாருங்க. எங்காளுங்க எத்தினி லட்சம், அதுல ஆபீசுல உக்காந்திருக்கறவன் எத்தினி பேரு? எண்ணிச் சொல்லுங்க. வாய்தொறந்து கேட்டோம், கேக்கல. ரோட்டுல வுழுந்தாதான் திரும்பிப் பாக்கறான். எனக்கு மட்டும் மரத்த வெட்ட ஆசையா?”

ஜலீல் கொல்லைக் கோடியைப் பார்த்தார். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் குனிந்திருந்தாள். அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

“ஞாயந்தான். நான் இல்லன்னு சொல்லல. அத மேடையில சொல்லு, ரோட்டுல சொல்லு, ஜட்ஜி முன்னாடி நின்னு சொல்லு. ஆனா மலைக்காரன் முதுவுல ஏறி உக்காந்துக்கினு சொல்லாத. மறியல்னா இன்னாய்யா? நின்னு மறிக்கறது! இரவல் வண்டியப் போட்டுட்டுக் கரும்புக் கொல்லையில ஓடி ஒளியறதுக்குப் பேரு மறியலா? போலீசு யாருன்னு கேட்டான். ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடலாம். அவன் சொல்லல. ஒன் பேர அவன் சொல்லல! உங்க ரெண்டு பேருல எவன்யா ஆம்பள?”

செல்லமுத்து களைக்கொட்டை எடுத்து ஓங்கினார். பாப்பாத்தி குறுக்கே வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“அவர இன்னாத்துக்கு அடிக்கப் போற? வண்டிய எடுக்கும்போதே வேணாம்னு சொன்னேன், கேட்டியா? நாளைக்கி அவன் பொண்டாட்டி வந்து கொட்டா வாசல்ல நின்னா நான் மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சிக்குவேன்? போ. போயி நாந்தான்னு சொல்லு. களைய நாங்க பாத்துக்கறோம்.”

செல்லமுத்து களைக்கொட்டை வரப்பில் போட்டார். பிறகு வாய்க்காலில் காலைக் கழுவினார், சட்டையை மாட்டினார், பஞ்சர் ஒட்டியிருந்த தம் வண்டியை எடுத்தார். “உங்க பேச்சுக்கு வர்ல பாய். நாளைக்கி ஒரு பய என்னப் பாத்து ஓடுனவன்னு சொல்லக் கூடாது, அதுக்கு வரேன்” என்றார்.

பதினொரு மைலும் ஒருவர் முந்தினால் மற்றவர் வெறியோடு மிதித்து முந்தினார். நான்கு மணிக்கு முன்பே காவல் நிலையத்தை அடைந்துவிட்டார்கள்.

அம்மாசி அங்கே இல்லை.

“மூணு மணிக்கே வேன் வந்துடுச்சு. அனுப்பிட்டேன்” என்றார் உதவி ஆய்வாளர்.

“அஞ்சு மணின்னு சொன்னீங்க! நாக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா உங்களுக்கு? ஓட்டிக்கினு வந்தவன் இதோ நிக்கறான், நாந்தான்னு சொல்றான்!”

“நல்லது. இவரையும் எழுதிக்கறேன். பாய், கத்தாதீங்க. நாப்பது வண்டி கிடக்குது. இதுவரைக்கும் மூணு ஆள்தான். மேலேயிருந்து மணிக்கு ஒரு தரம் கேக்கறான், எத்தனை பேருன்னு. நான் என்ன செய்யட்டும்? வண்டிக்காரன் ஒருத்தன், ஓட்டினவன் ஒருத்தன். கோர்ட்டுல சொல்லிக்கட்டும்.”

செல்லமுத்து ஜலீலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இதுக்குத்தான் பதினோரு மைல் இட்டாந்தீங்களா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜாமீன் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஜலீல் வழக்கறிஞர் வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தார். இருவருக்கும் தம் வீட்டுப் பத்திரத்தையே ஈடு காட்டினார். வண்டியை வழக்குச் சொத்து என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே, காலைதோறும் கொல்லையில் உட்கார்ந்து வேறொரு வண்டியில் அதே குட்டைத் தண்டையும் அதே கட்டையையும் அமைத்தார். அந்த நாள்களில் அவர் யாரிடமும் கத்தவில்லை. மெகருன்னிசா பயந்துபோய், “உடம்புக்கு இன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விடுதலையான காலையில், புதிய வண்டியைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு கடலூர் போய்ச் சேர்ந்தார். சிறை வாயிலில் கூட்டம். மறியலில் உள்ளே போனவர்கள் பலர் அன்று வெளியே வந்தார்கள். பறை முழங்கியது, செல்லமுத்துவைத் தோளில் தூக்கினார்கள். மறியலை நடத்திய சங்கத்துக்காரர் ஒருவர் வருபவர்களுக்கெல்லாம் வரிசையாக மாலை போட்டுக்கொண்டிருந்தார். ஆள் தெரியாமல் அம்மாசியின் கழுத்திலும் ஒன்றைப் போட்டார்.

அம்மாசி சுவரைப் பிடித்து நடந்து ஜலீலிடம் வந்தான். மாலையைக் கழற்றி நீட்டினான்.

“இந்தாங்க. இது உங்களுக்குத்தான் போடணும். என்ன உள்ள அனுப்புனது நீங்கதான?”

“அம்மாசி, கோவத்துல வாய் தவறி…”

“கோவத்துல! எங்களுக்கெல்லாம் கோவம் வராதா பாய்? கொட்டாயில வண்டி இல்லன்னு பாத்தப்ப எனக்கு வர்ல? எடுத்தா இன்னாடான்னு செல்லமுத்து சிரிச்சிக்கினே கேட்டப்ப வர்ல? முழுங்கிக்கினு பதினோரு மைல் நடந்து வந்தேன். அந்தாளு கொட்டா இல்லன்னா நான் எங்க போயி நிக்கறது? நீங்க ஒரு சீட்டுக்குக் கத்துனீங்க. கத்திட்டு வூட்டுக்குப் போனீங்க. நான் இங்க வந்தேன். உங்களுக்கெல்லாம் கத்தறதுக்கு வாய் இருக்குது. கத்திட்டு வந்து உக்கார்றதுக்குக் கடை இருக்குது. எனக்கு இன்னா இருக்குது?”

அவன் இவ்வளவு பேசி ஜலீல் கேட்டதில்லை. அவன் குரல் உயரவும் இல்லை. ஜலீல் மாலையை வாங்கிக்கொண்டார். பறையோசையில் வேறு யாருக்கும் அந்தப் பேச்சுக் கேட்கவில்லை.

“வண்டி செஞ்சாந்திருக்கேன்” என்றார்.

“குடுங்க. வாங்காம எப்பிடிப் பொழைக்கறது? அதுக்குக்கூட உங்ககிட்டதான் வந்து நிக்க வேண்டியிருக்குது பாருங்க” என்று சொல்லி, வண்டியைப் பற்றிக்கொண்டு ஏறி, பேருந்து நிலையம் நோக்கி மிதித்துப் போனான்.

வழக்குகள் இரண்டொரு ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டன. கேட்ட பங்கும் ஒருவகையாகக் கிடைத்தது. அம்மாசியின் முதல் வண்டி அந்த வளாகத்திலேயே மண்ணாயிற்று. அம்மாசி அதன் பின் ஜலீலின் கடைப் படியை மிதிக்கவில்லை. தேனையும் கடுக்காயையும் தெருக்கோடியில் வேறொரு வியாபாரிக்குக் கொடுத்தான். அந்த வியாபாரியின் கடைக்கு வேறு வழியில்லை. சந்தை நாள்தோறும் ஜலீலின் கடையைக் கடந்துதான் போக வேண்டும். நேரே பார்த்தபடி கடந்து போவான்.

ஜலீல் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருப்பார். பார்க்க வேண்டியதில்லை, ஒலியே சொல்லிவிடும். சங்கிலியில் எண்ணெய் வற்றி எத்தனை மாதமாயிற்றோ, வண்டி கீச் கீச்சென்று கதறிக்கொண்டு வரும். சக்கரப் பல் தேயும், சங்கிலி இழுபடும், இன்னும் ஆறு மாதம் இப்படியே ஓட்டினால் அறுந்து நடுவழியில் நிற்பான், அந்தக் காலோடு. ஓராண்டு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு சந்தை நாளில் முடியவில்லை. பொட்டலத்தைப் பாதியில் போட்டுவிட்டு, எண்ணெய்க் குப்பியோடு தெருவில் இறங்கி ஓடினார்.

“நில்றா! ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா இன்னா கொறஞ்சா பூடுவ? என் மேல கோவம்னா என்னத் திட்டு, என் மூஞ்சியில துப்பு! வண்டி இன்னாடா பண்ணுச்சி ஒன்ன? நில்றா அம்மாசி!”

அம்மாசி நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. சந்தைக் கூட்டம் விலகி வழிவிட்டது. கீச்சொலி தெருமுனை திரும்பி மறையும் வரை ஜலீல் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டே இருந்தார்.